இரவல் வசனம், சொந்த உண்மை

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் நாலு பேர் முன்னால் அழுதால் 'நடிக்கிறா' என்பார்கள். இடுப்பு வலிக்கிறது என்று ஒரு நாள் வேலைக்குப் போகாமல் படுத்தாலும் 'நடிப்பு' என்பார்கள். அதே பெண் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தால், பிடிக்காத முடிவுக்கெல்லாம் 'சரிங்க' என்று தலையாட்டினால், அதை நடிப்பு என்று யாரும் சொல்வதில்லை. 'நல்ல குணமான பிள்ளை' என்று பெயர் கிடைக்கும். உள்ளதைக் காட்டினால் நடிப்பு, நடித்தால் குணம் என்று வழக்கு தலைகீழாகக் கிடக்கும் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நேர்மையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதையும் நாடகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கலாமா?

குவேக்கர்களின் வரலாற்றைப் படித்தபோது இந்தக் கேள்வி எனக்குக் கூர்மையாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான கூட்டம் அது. தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர்கள் என்பது மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர். அவர்களுடைய வழிபாட்டில் குருவும் இல்லை, பூசையும் இல்லை. எல்லோரும் ஓர் அறையில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். சொல்வதற்கு ஒன்று உள்ளே திரண்டுவிட்டது என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் எழுந்து சொல்லலாம். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். மார்கரெட் ஃபெல், பெண்கள் சபையில் பேசுவது நியாயமே என்று வாதிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். 1666இல் அது வெளிவந்தபோது அவர் லான்காஸ்டர் சிறையில் இருந்தார். மேரி டயர் என்ற இன்னொரு பெண், குவேக்கர்களுக்கு விதித்திருந்த தடையை மீறி மறுபடி மறுபடி பாஸ்டன் நகருக்குத் திரும்பி வந்ததற்காக 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிடப்பட்டார்.

நீதிமன்றத்தில்கூட அவர்கள் சத்தியம் செய்ய மறுத்தார்கள். 'இப்போது உண்மை சொல்கிறேன்' என்று சத்தியம் செய்தால் மற்ற நேரத்தில் பொய் சொல்வேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்பது அவர்கள் கேள்வி. இப்படிப்பட்டவர்களுக்கு நாடகம் எப்படிப் பிடிக்கும்? ராபர்ட் பார்க்ளே என்பவர் 1676இல் வெளியிட்ட நூல் நாடகத்தையும் கேளிக்கையையும் ஆகாதவை என்று ஒதுக்கியது. தனக்கு இல்லாத கண்ணீரை வரவழைப்பதும், தான் நம்பாத சொல்லை உரத்துப் பேசுவதும் அவர்களுக்குப் பொய்யின் வேலைகள். அந்த வரலாற்றையே இன்று வகுப்பறை நாடகமாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் செய்வது சரியில்லை.

நான் விருதுநகரை ஒட்டிய சூலக்கரைப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், விடியற்காலை வேனில் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலி வேலை செய்கிறவர்கள் ஆகியோரின் மகள்கள் இவர்கள். எங்கள் பக்கத்தில் ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் எல்லா அம்மாக்களும் கணக்கு எழுதப் போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

இங்கிலாந்துக்காரர்களின் சமயப் பிரிவு ஒன்றின் கதை இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று மார்ஜரி சைக்ஸ். இன்னொன்று தீப்பெட்டி.

மார்ஜரி சைக்ஸ் 1905இல் பிறந்தவர். 1928இல் சென்னைக்கு வந்து வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார், தமிழ் கற்றார். இங்கே இருந்த காலத்தில்தான் குவேக்கரானார். பிறகு தாகூரின் சாந்திநிகேதனிலும் காந்தியின் சேவாகிராமத்திலும் பணியாற்றினார், நீலகிரியில் கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார், 1995இல் மறைந்தார். தாகூரின் மூன்று நாடகங்களை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவற்றில் இரண்டு பெண்களைப் பற்றியவை. 'சண்டாளிகா'வில், தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பிரகிருதியிடம் ஆனந்தர் என்ற பிக்கு தண்ணீர் கேட்கிறார். தானும் மனுஷிதான் என்று அந்த ஒரு கேள்வியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. 'நடீர் பூஜா'வில், அரண்மனை ஆடற்பெண் ஸ்ரீமதியிடம் புத்தரின் தூபியைக் களங்கப்படுத்துவதற்காக அதன் முன் ஆடும்படி கட்டளையிடுகிறார்கள். அவள் அந்த ஆட்டத்தையே வழிபாடாக மாற்றிவிடுகிறாள், அதற்காகக் கொல்லப்படுகிறாள்.

நாடகத்தைச் சந்தேகித்த மரபில் சேர்ந்த ஒருத்தி இந்த நாடகங்களுக்காக உழைத்திருக்கிறார். அதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்ரீமதியைப் பாருங்கள். ஆடு என்பது அவளுக்கு மற்றவர்கள் கொடுத்த வேடம். அந்த வேடத்துக்குள் நின்றுகொண்டுதான் அவள் தன் உண்மையைச் சொல்கிறாள். வேறு இடம் அவளுக்குக் கொடுக்கப்படவே இல்லை. பார்க்ளே போன்றவர்கள் நடிப்பைப் பொய் என்றபோது, சொந்தக் குரலில் பேசும் உரிமை ஏற்கெனவே இருக்கிற மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த உரிமை இல்லாதவளுக்கு இரவல் வசனம் முதல் பயிற்சி.

வகுப்பில் முதலில் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். அந்தக் கால ஆங்கிலத்தில் பெரிய மனிதர்களைப் பன்மையிலும் எளியவர்களை ஒருமையிலும் விளிக்கும் வழக்கம் இருந்தது. குவேக்கர்கள் நீதிபதி உட்பட எல்லோரையும் ஒருமையில் அழைத்தார்கள். பெரியவர்கள் முன்னால் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். இதைத் தமிழில் எப்படி நடிப்பது என்று பிள்ளைகளிடம் விட்டேன். தமிழில் இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் சாதியை வைத்து 'நீ' என்பதையும், அந்தப் பெரியவர் பையனை 'ஐயா' என்பதையும் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். கணவனை 'அவங்க' என்று சொல்லும் அம்மாவையும், அம்மாவை 'ஏ, இங்க வா' என்று கூப்பிடும் அப்பாவையும் தினமும் கேட்கிறவர்கள்.

நீதிபதியாக நின்ற பிள்ளையை மற்றொருத்தி 'நீ' என்று சொன்னதும் வகுப்பு சிரித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எங்க அம்மாவ போர்மேன் இப்பவே நீன்னுதான் கூப்பிடுறாரு. அம்மாவும் அவர நீன்னு சொன்னா சண்டைதான் வரும். அவரு எங்க அம்மாவ நீங்கன்னு சொல்ல வைக்கிறதுக்கு நாடகத்துல வழி இருக்கா?"

இதுவரை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. குவேக்கர்கள் மேலே இருந்தவர்களைக் கீழே இறக்கிச் சமன் செய்தார்கள். இந்தப் பிள்ளை கீழே வைக்கப்பட்டவர்களை மேலே ஏற்றிச் சமன் செய்யச் சொன்னாள். எல்லோரையும் 'நீ' என்பது மரியாதையை ஏற்கெனவே வாங்கி அலுத்தவர்களுக்குப் புரட்சியாக இருக்கலாம். ஒரு நாளும் வாங்காதவளுக்கு 'நீங்க'தான் வேண்டும். அன்று நாங்கள் நடித்த காட்சியில் நீதிபதி கைதியை 'நீங்க' என்று விளித்தார். குவேக்கர் வரலாற்றின்படி அது தவறு. குவேக்கர் எண்ணத்தின்படி சரி என்றுதான் நினைக்கிறேன்.

இனி தீப்பெட்டிக்கு வருகிறேன். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள் என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்பே லண்டனில் பெயர்பெற்றிருந்த தீப்பெட்டி நிறுவனம் பிரையன்ட் அண்ட் மே. 1843இல் கூட்டுச் சேர்ந்து அதைத் தொடங்கிய வில்லியம் பிரையன்ட், பிரான்சிஸ் மே இருவருமே குவேக்கர்கள். சத்தியம் செய்ய மறுத்ததால் அரசுப் பதவியும் பல்கலைக்கழகமும் நெடுங்காலம் மூடியிருந்த சமூகம் அது. அதனால் வணிகத்துக்கு வந்தவர்கள் பலர். நேர்மையான விலை, நேர்மையான சரக்கு என்று பெயர் வாங்கினார்கள்.

1888இல் அந்த ஆலை நிறுவனர் பிரையன்டின் மகன்கள் கையில் இருந்தது. பங்குகளை வெளியே விற்ற நிறுவனமாகவும் ஆகியிருந்தது, லாபம் நன்றாக வந்தது. கிழக்கு லண்டன் போ பகுதியில் இருந்த ஆலையில் வேலை செய்த பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கூலி குறைவு, அபராதம் அதிகம். கால் அழுக்காக இருந்தால் அபராதம், உட்கார்ந்த இடம் ஒழுங்காக இல்லாவிட்டால் அபராதம், தாமதமாக வந்தால் அரை நாள் கூலி போயிற்று. வெள்ளைப் பாஸ்பரஸ் மருந்தால் தாடை எலும்பு அழுகும் நோய் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று அன்னி பெசன்ட் இதையெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அதே பெசன்ட்தான்.

நிறுவனம் என்ன செய்தது? அந்தக் கட்டுரை பொய், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று பெண்களிடம் கையெழுத்து வாங்கப் பார்த்தது. அவர்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையை விட்டு நீக்கியதும் மற்றவர்கள் வெளியே வந்தார்கள். ஏறத்தாழ 1400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அபராதங்கள் ஒழிந்தன, பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பெசன்ட் நடத்திய போராட்டம் என்றே இது நெடுநாள் எழுதப்பட்டது. முன்னின்றவர்கள் அந்தப் பெண்களே என்று லூயிஸ் ரா என்ற வரலாற்றாசிரியர் பின்னால் எடுத்துக்காட்டினார்.

பொய்யில் கையெழுத்துப் போட மறுத்தார்களே, அந்த இடத்தில் என் மனம் நிற்கிறது. சத்தியம் செய்யாதே, ஆம் என்றால் ஆம் என்று இரு என்பது குவேக்கர்களின் போதனை. அதை அன்று கடைப்பிடித்தவர்கள் யார்? குவேக்கர் பெயரால் நம்பிக்கை சம்பாதித்த நிறுவனம் பொய்யைத் தாளில் எழுதி நீட்டியது. கூலி போகும், வயிறு காயும் என்று தெரிந்த பெண்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு விழுமியம் அதைக் கண்டுபிடித்தவர்களின் குடும்பச் சொத்து இல்லை. யார் அதற்கு விலை கொடுக்கிறார்களோ அவர்களுக்குச் சேரும். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர்களை நாம் பாராட்டுகிறோம். பிலடெல்பியா குவேக்கர்கள் தங்கள் உறுப்பினர்களுக்கே அடிமைகளை வைத்திருப்பதைத் தடைசெய்தது 1776இல்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அவர்களுக்குள்ளேயே வாதாட வேண்டியிருந்தது. வரலாற்றை நல்லவர்களின் வரிசையாக மட்டும் நடிக்கவைத்தால் பிள்ளைகள் கைதட்டக் கற்றுக்கொள்வார்கள், கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே 1888ஐ நாடகமாக்கினோம். எழுதிய வசனம் இல்லை. சூழ்நிலையைச் சொல்வேன், பேசுவது அவர்கள் பொறுப்பு. கங்காணியாக நிற்பதற்கு எல்லோரும் போட்டி போட்டார்கள். அதட்டுவதற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. கையெழுத்துக் காகிதம் நீட்டப்படும் காட்சி வந்தது. அதுவரை அதிகம் பேசாத ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள்: "ரூமுக்கு நாலு பேருன்னு போர்டுல போட்டுருக்கு. நாங்க ஒம்பது பேரு இருக்கோம். ஆபீசர் வந்தா அஞ்சு பேர முள்ளுக்காட்டுக்குள்ள ஓடச் சொல்றீக. இதுல எப்படிக் கையெழுத்துப் போட?"

லண்டன் போ பகுதியில் முள்ளுக்காடு கிடையாது. வகுப்பில் சத்தமே இல்லை. அவள் யார் வசனத்தைப் பேசினாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆபீசுக்குப் போகும் அம்மாக்களின் மகள்கள் இன்னும் மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று ஆசிரியர் தினம். இந்தப் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள் அல்லது பிறக்காதவர்கள். ஆனாலும் அந்த நாளின் பேச்சு இல்லாத வீடு இங்கே குறைவு. அறைக்கு எத்தனை பேர் என்பது இங்கே கணக்குப் பாடம் இல்லை, உயிர்.

உண்மையான தர்மசங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. பேசு, உண்மையைப் பேசு என்று ஒரு குழந்தையை ஊக்குவிக்கிறோம். அவள் பேசிவிட்டாள். விலையைக் கொடுக்கப்போவது அவளா? இல்லை. விடியற்காலை வேன் ஏறும் அவள் அம்மா. முன்பணம் வாங்கியிருப்பவர் அம்மா. நாளைக்கு 'ஒன் மக பள்ளிக்கூடத்துல என்ன பேசுனா?' என்ற கேள்வியைக் கேட்கப்போகிறவர் அம்மா. மேரி டயர் தன் கழுத்தைக் கொடுத்தார், அது அவருடைய கழுத்து. மகளுக்குத் தைரியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை அம்மாவின் கழுத்தைப் பந்தயமாக வைக்கலாமா? மாதச் சம்பளம் வாங்கும் நான் கூலிக்காரியின் மகளிடம் வீரத்தை எதிர்பார்ப்பது எந்த வகை நியாயம்?

இதற்கு எளிதாக ஒரு பதில் உண்டு: நாடகத்தை நிறுத்திவிடலாம். நல்லொழுக்கப் பாடத்தை நோட்டில் எழுதவைத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அப்போது அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? உண்மை சொன்னதும் கதவு மூடப்படும் என்பதைத்தான். அதை அவளுக்கு ஆபீசும் வீடும் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கின்றன. பள்ளிக்கூடமும் எதற்கு? இன்னொரு பதிலும் உண்டு: அந்த வசனத்தை ஆண்டு விழா மேடைக்குக் கொண்டுபோகலாம், ஊரே கேட்கட்டும். மேடையின் முன்வரிசையில் உட்காரப்போகிறவர்களை நினைத்தால் அதில் ஒரு திருப்தி இருக்கிறது. அந்தத் திருப்தி எனக்குத்தான், அவளுக்கு இல்லை. பிள்ளையின் உண்மையை எடுத்து என் கொள்கைக்கு மாலையாகக் கோத்துக்கொள்வதும் ஒரு சுரண்டல்தான். பெண்ணியத்தின் பெயரால் செய்தாலும் அது மாறாது.

குவேக்கர்களிடம் முடிவெடுக்கும் முறை ஒன்று உண்டு. வாக்கெடுப்பு இல்லை. பெரும்பான்மை சிறுபான்மையைத் தோற்கடிப்பது இல்லை. ஒத்த மனம் தெரியும்வரை உட்கார்ந்திருப்பார்கள், கேட்பார்கள், மறுபடி உட்கார்ந்திருப்பார்கள். அதையே நாங்களும் செய்தோம். அந்த வசனம் இருக்கலாமா, இருந்தால் எங்கே, யார் பேசுவது என்ற மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வட்டமாக உட்கார்ந்தோம். முதலில் சிரிப்பு, பிறகு இருமல், பிறகு மௌனம். கேள்வி அந்தப் பிள்ளையைப் பற்றியது என்பதால், அவள் விருப்பத்துக்கு மாறாக எதுவும் முடிவாகாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

நீண்ட நேரம் கழித்து அவளே பேசினாள். "வசனம் இருக்கட்டும் டீச்சர். ஆனா நான் மட்டும் பேச மாட்டேன்." பிறகு ஒருத்தி, "அப்ப நாங்களும் சேந்து சொல்றோம்" என்றாள். தீப்பெட்டி ஆபீசுக்கு யாருமே போகாத வீட்டுப் பிள்ளை அவள். இன்னொருத்தி, "நாப்பது பேரும் ஒரே நேரத்துல சொன்னா யாரு சொன்னான்னு எப்படித் தெரியும்?" என்றாள். அப்படியே முடிவாயிற்று. முள்ளுக்காடு வசனத்திலிருந்து போயிற்று, அவர்களே எடுத்தார்கள். மீதியை வகுப்பு முழுவதும் ஒரே குரலாகச் சொல்லும். நாடகம் வகுப்பறையை விட்டு வெளியே போகாது, அம்மாக்கள் விரும்பி வந்து பார்த்தால் பார்க்கலாம்.

வேலைநிறுத்தம் எப்படி நடக்கிறது என்பதை நான் விளக்கியிருந்தால் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது. 1888இல் ஒருத்தியைத் தனியாகப் பிரித்து எடுத்தபோதுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். தனி ஒருத்தியின் தைரியத்தைப் புகழும் கதைகள் நம்மிடம் ஏராளம். அவள் பக்கத்தில் வந்து நின்றவர்களைப் பற்றிய கதைகள் குறைவு. நாடகத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: பக்கத்தில் நிற்பதை உடம்பால் செய்து பார்க்கவைக்கும். பார்க்ளேயின் ஆட்சேபத்துக்கு என் பதில் இதுதான். தன்னிடம் இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டி மற்றவரை ஏமாற்றினால் அது பொய். தன்னிடம் இன்னும் வளராத ஒரு துணிவைக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்து பார்ப்பது ஒத்திகை. சமையலைப் போல, சைக்கிளைப் போல, நேர்மைக்கும் கை பழக வேண்டியிருக்கிறது.

மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பெண்களின் மௌனத்தையும் குவேக்கர் கூட்டத்தின் மௌனத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சத்தம் இல்லை என்பதைத் தவிர ஒற்றுமை இல்லை. குவேக்கர் மௌனத்தை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம், கலைத்தவருக்குத் தண்டனை கிடையாது. நம் வீட்டு மௌனத்தைக் கலைத்தால் பெயர் கெடும். பேசாமல் இருக்கவும் உரிமை உள்ள இடத்தில்தான் பேச்சுக்கு மதிப்பு வருகிறது. என் வகுப்பில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது: எந்த வேடத்தையும் எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் மறுக்கலாம். 'பேசு பேசு' என்று நச்சரிப்பதும் ஓர் அதிகாரம்தான்.

இந்த நாடகத்தால் எந்த ஆபீசிலும் ஓர் ஆள்கூடக் குறையவில்லை. வேன் அதே நேரத்துக்கு வருகிறது. அதை மறைத்துவிட்டு வகுப்பறை வெற்றிக் கதை எழுத எனக்கு விருப்பமில்லை. அறையில் ஆட்களைக் குறைப்பது பதினான்கு வயதுப் பிள்ளைகளின் வேலையும் இல்லை. அது ஆய்வாளர்களின் வேலை, முதலாளிகளின் வேலை, சங்கங்களின் வேலை, வாக்குப் போடும் பெரியவர்களாகிய நம் வேலை. பிள்ளைகள் ஒத்திகை பார்ப்பதைப் பெரியவர்கள் நிஜத்தில் செய்யவில்லை என்றால், அப்போதுதான் அந்த நாடகம் பொய்யாகும்.

1888இல் பெசன்ட் செய்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நிறுவனம் அவதூறு வழக்குப் போடுவோம் என்று மிரட்டியபோது, கட்டுரைக்குக் கீழே இருந்தது அவர் பெயர். தகவல் சொன்ன பெண்களின் பெயர் அதில் இல்லை. குழந்தைகளுக்கு நேர்மையைக் கற்பிக்க விரும்பும் எவருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆபத்து உள்ள இடத்தில் நம் பெயரைப் போட வேண்டும், அவர்களுடைய பெயரைப் போடக்கூடாது. இந்தக் கட்டுரையில் பிள்ளைகள் யாருக்கும் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.